சிதறல் வரைபடம் விசித்திரமாகத் தெரிகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

சிதறல் வரைபடம் போடுவது இரண்டு நிமிட வேலை. இரண்டு நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனைத் தட்டினால் புள்ளிகள் வந்துவிடும். சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. புள்ளிகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அல்லது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் வரிசையாக நிற்கும். அல்லது ஏறுகிறதா இறங்குகிறதா என்றே சொல்ல முடியாது. உடனே புள்ளிகளின் நடுவே போகும் போக்குக் கோட்டைச் சேர்த்து, தொடர்பு எவ்வளவு நேர்கோட்டை ஒட்டியது என்பதை மைனஸ் 1 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணாகச் சொல்லும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டு, அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முடிவுரை எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வழியில் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோடும் எண்ணும் கடைசியில் வரட்டும். முதலில் புள்ளிகளைப் பார்க்க வேண்டும்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் படம் எப்படித் தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனையை மட்டும் எல்லாரும் செய்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: ஒரு புள்ளியை வாய்விட்டுப் படியுங்கள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்று ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அவ்வப்போது பீறிட்டு அடிக்கும், பிறகு அடங்கும். ஒவ்வொரு பீறிடலும் எத்தனை நிமிடம் நீடித்தது, அடுத்ததற்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்ற 272 பதிவுகள் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளுடனேயே வருகின்றன. நீடித்த நேரத்தைக் கிடை அச்சிலும் காத்திருந்த நேரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் படம் போடுங்கள். இடது கீழ்ப்பக்கம் ஒரு புள்ளியைத் தொட்டு, அதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்: “இந்தமுறை ஊற்று 1.8 நிமிடம் அடித்தது, அடுத்தமுறை அடிக்க 54 நிமிடம் ஆனது.” இன்னொன்று: “3.6 நிமிடம் அடித்தது, அடுத்ததற்கு 79 நிமிடம் ஆனது.”

வாக்கியம் தடுமாறாமல் வந்தால் நல்லது. ஒரு புள்ளி என்பது இங்கே ஒரு பீறிடல் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் சொந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு மாணவரா, ஒரு பள்ளியா, ஒரு மாவட்டமா, ஒரு நாளா? இதற்குப் பதில் சொல்ல முடியாமல் வாக்கியம் நின்றுவிட்டால் மேற்கொண்டு எதையும் படிக்க முயல வேண்டாம். அட்டவணைக்குத் திரும்பிப் போய், ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிற இடங்களில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அறிகுறி: புள்ளிகள் சுத்தமான மூலைவிட்டக் கோட்டில் நிற்கின்றன, அல்லது கிடை அச்சில் 1, 2, 3 என்று வருகிறது

நிஜ உலக அளவுகள் இவ்வளவு ஒழுங்காக நிற்காது. எண் என்று நீங்கள் நினைப்பதை மென்பொருள் எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

எக்செலில் கிடை அச்சுக்கான நெடுவரிசையில் எழுத்து கலந்துவிட்டால், உங்கள் மதிப்புகளை விட்டுவிட்டு 1, 2, 3 என்று தானாக எண்ண ஆரம்பித்துவிடும். செல்லுக்குள் “12 கி.மீ.” என்று அலகையும் சேர்த்து எழுதியிருப்பார்கள், வேறு மென்பொருளிலிருந்து நகலெடுத்தபோது எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும், “இல்லை” என்று ஒரு செல்லில் தட்டச்சு செய்திருப்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி: நெடுவரிசையின் அகலத்தைக் கூட்டிப் பாருங்கள். சீரமைப்பை யாரும் மாற்றியிருக்காவிட்டால் எண்கள் செல்லின் வலது ஓரத்திலும் எழுத்துகள் இடது ஓரத்திலும் ஒட்டி நிற்கும். இடது பக்கம் ஒதுங்கி நிற்பவைதான் குற்றவாளிகள். அலகைத் தலைப்புக்கு மாற்றி, செல்லில் எண்ணை மட்டும் விடுங்கள்.

பைத்தான் நிரல்மொழியில் மேட்பிளாட்லிப் என்ற வரைபடக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே நோய் வேறு உருவத்தில் வரும். எழுத்தாக வந்த எண்களை அது வகைப் பெயர்களாகக் கருதி, முதலில் கண்டதை முதல் இடத்திலும் அடுத்துக் கண்டதை அடுத்த இடத்திலும் வைக்கும். இரண்டு அச்சுமே அப்படி வந்து, மதிப்புகள் திரும்ப வராமல் இருந்தால், புள்ளிகள் அட்டவணையின் வரிசைப்படியே படியேறி அழகான மூலைவிட்டமாக நிற்கும். ஒட்டுறவு பிரமாதம் என்று மகிழ்ந்துவிடாமல் அச்சில் உள்ள எண்களைப் படியுங்கள். 45-க்குப் பிறகு 12, அதற்குப் பிறகு 78 என்று தாறுமாறாக இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

இன்னொரு சின்ன விஷயம்: எக்செலில் சிதறல் வகைக்குப் பதிலாகக் கோட்டு வரைபட வகையைத் தேர்ந்தெடுத்தாலும் கிடை அச்சில் இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவாகிவிடும். 10-க்கும் 20-க்கும் நடுவே உள்ள தூரமும், 20-க்கும் 500-க்கும் நடுவே உள்ள தூரமும் சமமாகத் தெரிந்தால் வரைபட வகையை மாற்றுங்கள்.

அறிகுறி: எல்லாப் புள்ளிகளும் கீழ் இடது மூலையில் ஒட்டிக் கிடக்கின்றன

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, தீர்வும் வேறு வேறு.

முதலாவது, எங்கோ தூரத்தில் ஒரே ஒரு புள்ளி நின்று அச்சை இழுத்துக்கொண்டிருக்கும். தசமப் புள்ளி விட்டுப்போய் 16.5 என்பது 165 ஆகியிருக்கலாம். அந்தப் புள்ளியின் வரிசையைத் தேடி, மூலப் பதிவுடன் ஒப்பிடுங்கள். தட்டச்சுப் பிழை என்று உறுதியானால் திருத்துங்கள். உறுதியாகாவிட்டால் அழிக்காதீர்கள், அதை வைத்து ஒரு படம், விட்டுவிட்டு ஒரு படம் என்று இரண்டையும் போட்டுக் காட்டுங்கள்.

இரண்டாவது காரணம், அளவுகளே இயல்பில் அப்படித்தான். பாலூட்டிகள் 62 இனங்களின் உடல் எடையையும் மூளை எடையையும் தரும் அட்டவணை ஒன்று புள்ளியியல் வகுப்புகளில் ரொம்பப் புழக்கத்தில் உள்ளது. அதில் ஒரு மூஞ்சூறின் உடல் 0.005 கிலோ, மூளை 0.14 கிராம். மனிதருக்கு 62 கிலோ, 1,320 கிராம். ஆசிய யானைக்கு 2,547 கிலோ, 4,603 கிராம். ஆப்பிரிக்க யானைக்கு 6,654 கிலோ, 5,712 கிராம். இதைச் சாதாரண அச்சில் போட்டால் இரண்டு யானைகளும் மேலே வலது பக்கம் தனியாக நிற்கும், மனிதர் இடது ஓரத்தில் ஒரு புள்ளி, மற்ற எல்லாரும் மூலையில் ஒரு கறுப்புத் திட்டு. யாரும் தவறு செய்யவில்லை. ஆப்பிரிக்க யானையின் எடை உண்மையிலேயே மூஞ்சூறைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

தீர்வு, இரண்டு அச்சுகளையும் மடக்கை அளவுகோலுக்கு, அதாவது லாக் ஸ்கேலுக்கு, மாற்றுவது. அதில் 1-இலிருந்து 10, 10-இலிருந்து 100, 100-இலிருந்து 1,000 எல்லாமே ஒரே அளவு இடைவெளி. மாற்றிய உடனே அந்தத் திட்டு பிரிந்து, 62 இனங்களும் கீழிருந்து மேலாக ஒரு நேரான பட்டையாக வந்து நிற்கும். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் வாசிக்கிற முறை மாறிவிட்டது, அதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டையின் சாய்வு ஏறக்குறைய 0.75. இதை “உடல் எடை ஒரு கிலோ கூடினால் மூளை 0.75 கிராம் கூடும்” என்று படித்தால் தப்பு. லாக் அச்சில் எல்லாமே மடங்குக் கணக்கு: உடல் எடை 10 மடங்கானால் மூளை எடை சுமார் 5.6 மடங்காகும். அதாவது உடல் வளர்கிற வேகத்துக்கு மூளை வளர்வதில்லை. மனிதர் அந்தப் பட்டைக்கு நன்றாக மேலே நிற்பதையும் இந்தப் படத்தில்தான் பார்க்க முடியும்.

ஓர் எச்சரிக்கை. லாக் அச்சில் பூஜ்யத்துக்கும் எதிர்ம எண்களுக்கும் இடம் கிடையாது. சில மென்பொருள்கள் அதைச் சொல்லும், சில சத்தமில்லாமல் அந்தப் புள்ளிகளை விட்டுவிடும். மாற்றுவதற்கு முன் அட்டவணையில் எத்தனை பூஜ்யங்கள் இருக்கின்றன என்று எண்ணிவிடுங்கள்.

அறிகுறி: பூஜ்யக் கோட்டிலோ 999-இலோ புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன

விடுபட்ட பதிவுகளை யாரோ எண்ணால் நிரப்பியிருக்கிறார்கள். இயந்திரக் கற்றல் படிக்கிற எல்லாரும் ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கும் பீமா நீரிழிவுத் தரவு இதற்கு நல்ல பாடம். அரிசோனாவின் பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் பதிவு அது. வயதையும் ரத்த அழுத்தத்தையும் வைத்துப் படம் போட்டால், மேலே ஒரு மேகம், அப்புறம் வெற்றிடம், கீழே பூஜ்யத்தில் ஒரு வரிசை. 35 பேருக்கு ரத்த அழுத்தம் பூஜ்யம் என்று இருக்கிறது. உயிரோடு உள்ள ஒருவருக்கு அப்படி இருக்க முடியாது. இன்சுலின் நெடுவரிசையில் 374 பூஜ்யங்கள், கிட்டத்தட்ட பாதிப் பேர். அளக்கப்படாததைப் பூஜ்யமாக எழுதிவிட்டார்கள். அவற்றை அப்படியே விட்டுப் போக்குக் கோடு போட்டால், கோடு அந்தப் பொய்ப் பூஜ்யங்களை நோக்கி இறங்கிவரும்.

அவற்றை வெற்றுச் செல்லாக மாற்றுங்கள். எக்செலில் சூத்திரம் வழியாக வெற்று மேற்கோள்குறியைக் கொடுத்தால் போதாது. அது எழுத்தாகக் கருதப்பட்டு மறுபடி பூஜ்யத்திலேயே புள்ளி விழும். அதற்கென்றே உள்ள என்ஏ (NA) என்ற செயற்கூற்றைப் பயன்படுத்த வேண்டும். அதே சமயம், எல்லாப் பூஜ்யமும் பொய் இல்லை. மழை பெய்யாத நாளில் மழை அளவு பூஜ்யம்தான். எது எந்த வகை என்பதை அளந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

அறிகுறி: புள்ளிகள் செங்குத்தான பட்டைகளாகத் தெரிகின்றன, அல்லது முழுக்கக் கறுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை

முழு எண்களாக அளந்திருந்தால் பட்டைகள் வரும். ஐந்து நட்சத்திர மதிப்பீடுகளை ஒன்றுக்கொன்று வைத்துப் படம் போட்டால் மொத்தமே 25 இடங்கள்தான். ஆயிரம் பேர் பதில் சொன்னாலும் 25 புள்ளிகளுக்கு மேல் தெரியாது. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சின்ன அளவு அங்குமிங்கும் தள்ளி வைக்கும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது, ஜிட்டர் என்பார்கள். புள்ளிகளின் அளவைக் குறைப்பதும், நிறத்தைப் பாதி ஒளிபுகும்படி மாற்றுவதும் உதவும். பல்லாயிரம் புள்ளிகள் என்றால் தளத்தைச் சின்னச் சின்ன அறுகோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளிகள் என்பதை நிற அடர்த்தியால் காட்டும் படமே சரி.

பட்டைகளை அழித்துவிடுவதற்கு முன் அவை ஏன் அங்கே வந்தன என்று யோசித்துப் பாருங்கள். ஆர் பயனர்களுக்குப் பழக்கமான வைரத் தரவில் 53,940 கற்களின் எடையும் விலையும் இருக்கின்றன. அதில் 0.99 காரட் எடையுள்ளவை வெறும் 23. சரியாக 1 காரட் உள்ளவை 1,558. பூமிக்கு அடியில் வைரம் இப்படி உருவாவதில்லை. ஒரு காரட் என்ற எல்லையைத் தொட்டுவிட்டால் விலை கூடும் என்பதால் பட்டை தீட்டுகிறவர்கள் அதற்குக் கீழே போய்விடாமல் நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். இந்தியக் குடிக்கணக்கில் 30, 35, 40 என்று வயதுகள் குவிவதும் இதே இனம். சரியான வயது தெரியாதவர்கள் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிகிற எண்ணைச் சொல்கிறார்கள். பட்டை சில நேரம் அளவுகோலைப் பற்றிச் சொல்லும், சில நேரம் அளக்கப்பட்ட மனிதர்களைப் பற்றிச் சொல்லும்.

அறிகுறி: போக்குக் கோடு இறங்குகிறது, ஆனால் ஏறவேண்டும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும்

படத்துக்குள் இரண்டு மூன்று கூட்டங்கள் கலந்திருக்கலாம். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு அண்டார்க்டிகாவின் பாமர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை அளக்கப்பட்ட பென்குயின்கள். மொத்தம் 344 பறவைகள், அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என்று மூன்று இனங்கள். இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அலகின் நீளத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்திருக்கிறார்கள். பெரிய பறவைக்கு அலகு நீளமாகவும் இருக்கும், தடிமனாகவும் இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் போட்டுக் கோடு வரைந்தால் கோடு இறங்குகிறது. ஒட்டுறவுக் கெழு மைனஸ் 0.24 அளவில் வருகிறது. அலகு நீள நீள மெலிகிறது என்று எழுதத் தோன்றும்.

இப்போது இனத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள். படம் மூன்று மேகங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு மேகமும் ஏறுகிறது. அடேலிக்குள் கெழு சுமார் 0.39, மற்ற இரண்டுக்கும் 0.65-ஐ ஒட்டி. இறக்கம் எங்கிருந்து வந்தது? ஜென்டூவின் அலகு சராசரியாக 47.5 மி.மீ. நீளம், 15 மி.மீ. உயரம்: நீளம் அதிகம், உயரம் குறைவு. அதனால் அந்த மேகம் படத்தின் கீழ் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அடேலிக்கு 38.8 மி.மீ. நீளம், 18.3 மி.மீ. உயரம். அது மேலே இடது பக்கம். மொத்தக் கோடு அடேலி மேகத்திலிருந்து ஜென்டூ மேகத்துக்குச் சரிந்து இறங்குகிறது. பறவைக்குப் பறவை உள்ள தொடர்பைக் காட்டுவதாக நினைத்தோம். அது காட்டியது இனத்துக்கும் இனத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. புள்ளியியலில் இதைச் சிம்ப்சன் முரண் என்கிறார்கள்.

உங்கள் தரவில் ஆண் பெண், நகரம் கிராமம், பழைய இயந்திரம் புதிய இயந்திரம், முதல் ஷிப்ட் இரண்டாம் ஷிப்ட் என்று எந்தப் பிரிவு இருந்தாலும் ஒவ்வொன்றாக நிறம் மாற்றிப் பாருங்கள். பிரிவு நெடுவரிசையே இல்லாதபோதும் கண்ணுக்குக் கொத்துகள் தெரியலாம். முன்னால் சொன்ன வெந்நீர் ஊற்றுப் படம் அப்படித்தான்: இரண்டு நிமிடத்தை ஒட்டி ஒரு கொத்து, நாலரை நிமிடத்தை ஒட்டி இன்னொரு கொத்து, மூன்று நிமிடத்தைச் சுற்றிப் புள்ளிகள் மிகக் குறைவு. சராசரியாக எத்தனை நிமிடம் என்று கேட்டால் 3.5 என்று பதில் வரும். ஊற்று அவ்வளவு நேரம் அடிப்பது அபூர்வம்.

அறிகுறி: எண் நன்றாக இருக்கிறது, படம் சரியில்லை

படத்தை நம்புங்கள்.

1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் ஆளுக்கு 11 புள்ளிகள் கொண்ட நான்கு தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் கிடை அச்சுச் சராசரி 9, செங்குத்து அச்சுச் சராசரி 7.5, ஒட்டுறவு 0.816, போக்குக் கோடு 3-இல் தொடங்கி 0.5 சாய்வில் ஏறுகிறது. எண்களை மட்டும் பார்த்தால் நான்கையும் பிரித்தறிய வழியில்லை. படம் போட்டால்: முதலாவது சாதாரண மேகம். இரண்டாவது சுத்தமான வளைகோடு, நேர்கோட்டுக்கே அங்கே வேலையில்லை. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் அச்சு அசலாக ஒரே கோட்டில், பதினோராவது மட்டும் மேலே விலகி நின்று போக்குக் கோட்டைத் தன் பக்கம் தூக்குகிறது. அந்தப் பத்தின் உண்மைச் சாய்வு 0.35-க்குக் கொஞ்சம் குறைவு. நான்காவதில் பத்துப் புள்ளிகள் 8 என்ற ஒரே இடத்தில் செங்குத்தாக அடுக்கி நிற்க, 19-இல் நிற்கும் ஒற்றைப் புள்ளிதான் கோட்டையே உண்டாக்குகிறது. அதை எடுத்துவிட்டால் கோடு போடவே முடியாது.

ஆகவே சோதனை இது. எந்தப் புள்ளியை எடுத்தால் கோடு அசைகிறது என்று பாருங்கள். ஓரத்தில் தனியாக நிற்பவற்றிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் நடுவில் உள்ள ஒரு புள்ளியைவிட அவற்றுக்குக் கோட்டைத் திருப்பும் பலம் அதிகம். ஒரே புள்ளியால் முடிவு மாறுமானால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. கெழு பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், படத்தில் தெளிவான வளைவு இருக்கும். உரம் கூடக்கூட விளைச்சல் ஏறி, ஓரளவுக்கு மேல் போட்டால் இறங்கும் என்பது மாதிரி. ஒட்டுறவுக் கெழு நேர்கோட்டுத் தொடர்பை மட்டுமே அளக்கும். புள்ளிகள் விசிறிபோல் விரிந்துகொண்டே போனால் அதையும் கவனியுங்கள்: இடது பக்கம் உங்கள் கணிப்பு நெருக்கமாக இருக்கும், வலது பக்கம் போகப் போகத் தளர்ந்துவிடும். ஒரே பிழை அளவை எல்லா இடத்துக்கும் எழுதக் கூடாது.

அறிகுறி: அதே தரவு, ஒரு படத்தில் தொடர்பு இறுக்கமாகத் தெரிகிறது, இன்னொன்றில் தளர்வாக

அச்சுகளின் வீச்சைப் பாருங்கள். சுற்றிலும் வெற்றிடம் விட்டு மேகத்தைச் சுருக்கினால் மனிதக் கண்ணுக்கு ஒட்டுறவு கூடியதுபோல் தெரியும். 1982-இல் வில்லியம் கிளீவ்லாண்ட் என்ற புள்ளியியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கெழு மாறியிருக்காது. சட்டத்தை நிரப்பும் அளவுக்கு அச்சை வையுங்கள். பட்டை வரைபடத்துக்குப் போல இங்கே அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அச்சு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விண்மீன்களின் வெப்பநிலையையும் ஒளிர்வையும் வைத்துப் போடும், வானியலில் பிரபலமான ஹெர்ட்ஸ்ப்ரங் ரசல் படத்தில் வெப்பமான விண்மீன்கள் இடது பக்கம் இருக்கும். வெப்பநிலை வலமிருந்து இடமாகக் கூடும். வழக்கப்படி இடமிருந்து வலமாகப் படித்தால் எல்லாம் தலைகீழாகப் புரியும்.

அறிகுறி: புள்ளிகள் அழகாக ஏறுகின்றன, இது அதற்குக் காரணம் என்று எழுதலாமா?

2012-இல் ஒரு மருத்துவ இதழில் ஃபிரான்ஸ் மெஸ்ஸெர்லி என்ற மருத்துவர் 23 நாடுகளின் படம் ஒன்றை வெளியிட்டார். கிடை அச்சில் தலைக்கு எத்தனை கிலோ சாக்லேட், செங்குத்து அச்சில் ஒரு கோடி மக்களுக்கு எத்தனை நோபல் பரிசு. ஒட்டுறவு 0.791. மேலே வலது மூலையில் சுவிட்சர்லாந்து. இங்கேதான் அந்த முதல் சோதனை கைகொடுக்கும். ஒரு புள்ளியைப் படியுங்கள்: ஒரு புள்ளி ஒரு நாடு. பரிசு வாங்கியவர் சாக்லேட் சாப்பிட்டாரா என்று எந்தப் புள்ளியும் சொல்லவில்லை. பணக்கார நாடுகளில் சாக்லேட்டும் அதிகம் விற்கும், ஆய்வுக்கூடங்களும் அதிகம் இருக்கும். நாட்டு அளவில் பார்த்ததை ஆளுக்குப் பொருத்தக் கூடாது. மாவட்டச் சராசரிகளைப் போட்டு மாணவரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதே விதி.

அறிகுறி: ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது, படத்தில் ஒன்றுமே இல்லை

இதைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் தவறு படத்துக்குள் இல்லை. வராத புள்ளிகளில் இருக்கிறது.

1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பி 73-ஆவது விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போனதும், அந்த இணைப்பின் வடிவமைப்புக் குறையும் காரணம். முந்தைய இரவு, அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்களும் நாசா அதிகாரிகளும் குளிரில் ஏவலாமா என்று தொலைபேசி வழியாக நீண்ட நேரம் விவாதித்தார்கள். வேண்டாம் என்றே பொறியாளர்கள் சொன்னார்கள். விபத்தை ஆராய்ந்த ரோஜர்ஸ் ஆணையம் பின்னர் தன் அறிக்கையில் இரண்டு சிதறல் வரைபடங்களை அடுத்தடுத்து வைத்தது. அவற்றை ஒருமுறை நீங்களே காகிதத்தில் போட்டுப் பாருங்கள், மறக்காது.

முதல் படத்தில் வளையம் பாதிக்கப்பட்ட ஏவல்கள் மட்டும். கிடை அச்சில் இணைப்பின் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில், செங்குத்து அச்சில் பாதிப்புகளின் எண்ணிக்கை. 53 டிகிரியில் மூன்று. 57, 58, 63 டிகிரிகளில் ஒவ்வொன்று. 70 டிகிரியில் இரண்டு ஏவல்களில் ஒவ்வொன்று. 75 டிகிரியில் இரண்டு. மொத்தம் ஏழு புள்ளிகள். குளிரிலும் பாதிப்பு, வெயிலிலும் பாதிப்பு. ஒரு போக்கும் இல்லை. வெப்பநிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்லிவிடலாம்.

இரண்டாவது படத்தில் பாதிப்பே இல்லாத 17 ஏவல்களும் சேர்கின்றன. அவை எல்லாம் பூஜ்யக் கோட்டில், அத்தனையும் 66 டிகிரியிலோ அதற்கு மேலோ. இப்போது கணக்கு தெளிவாகிறது. 66 டிகிரியும் அதற்கு மேலும்: 20 ஏவல்களில் மூன்றில் பாதிப்பு. அதற்குக் கீழே: நான்கு ஏவல்கள், நான்கிலும் பாதிப்பு. முதல் படத்தில் இருந்த ஒரு புள்ளிகூட மாறவில்லை. “ஒன்றும் நடக்கவில்லை” என்பதால் ஒதுக்கப்பட்ட வரிசைகள்தான் பதிலை வைத்திருந்தன.

உங்கள் அட்டவணை எப்படி உருவானது என்று கேளுங்கள். புகார் வந்த பொருள்கள் மட்டுமா? மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமா? தேர்வில் தேறிச் சேர்ந்த மாணவர்கள் மட்டுமா? நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் கல்லூரி மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று காட்டும் படங்களில், தேறாதவர்கள் பக்கம் முழுக்கக் காலியாக இருக்கும். கிடை அச்சின் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டிப் பார்த்தால் எந்த மேகமும் உருண்டையாகத்தான் தெரியும். விடுபட்ட வரிசைகள் எங்காவது கிடைக்குமானால், கேட்டு வாங்கிச் சேர்த்துவிட்டு மறுபடி படம் போடுங்கள். கிடைக்காவிட்டால் படத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள்: “பாதிப்பு ஏற்பட்டவை மட்டும்.”

சேலஞ்சர் படத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இடது ஓரத்தின் கடைசிப் புள்ளி 53 டிகிரி. ஏவல் நேரத்தில் வெளியே இருந்த குளிர் 36 டிகிரி. நடுவில் 17 டிகிரிக்கு ஒரு புள்ளியும் இல்லை. முழுப் படத்தை வைத்துக்கொண்டும் 36 டிகிரியில் எத்தனை பாதிப்பு வரும் என்று கோட்டை நீட்டிச் சொல்லிவிட முடியாது. அந்தப் பக்கம் போகப் போக மோசமாகிறது, அங்கே யாரும் அளந்ததில்லை என்ற இரண்டை மட்டும் சொல்ல முடியும். உங்கள் போக்குக் கோட்டையும் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் நடுவே மட்டும் வரையுங்கள். பல மென்பொருள்கள் அதைச் சட்டத்தின் ஓரம்வரை இழுத்து வைக்கும் வசதியைத் தருகின்றன, அதை அணைத்துவிடுங்கள். அப்படியும் வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தப் பகுதியைப் புள்ளிக்கோடாகப் போட்டு, எங்கிருந்து தரவு இல்லை என்பதைப் படத்திலேயே குறித்துவிடுங்கள்.